சிவப்பு ரிபன் கட்டிய பேசின்

மணப்பெண் வந்து இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே அவளுடைய கல்யாணச் சட்டை, ஒரு வெள்ளைக் கவுன், தனி வான் வண்டியில் வந்து சேர்ந்தது. பின்கதவைத் திறந்தபோது உள்ளே வெள்ளைத் துணியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஐந்து பெண்கள் அதை இறக்கினார்கள். முன்னால் இரண்டு பேர், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர், ஐந்தாவது பெண் பின்னால் நீண்டு கிடந்த பகுதியை ஒரு படுக்கை விரிப்பில் ஏந்திக்கொண்டு. வெளியே பனி கரைந்து சேறாகக் கிடந்தது. சட்டையில் ஒரு துளி படவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறொருவருடைய வெள்ளைத் துணிக்கு அருகில் நிற்பதென்றாலே எனக்குப் பயம்.

"சட்டைக்கு ஒரு வான், பொம்பிளைக்கு ஒரு கார்," என்றார் மண்டபத்தை நடத்திய தம்பி, என் காதோரமாக. "எங்கட ஆக்கள் பல்லக்கிலை வந்தும் தோத்துப்போச்சினம் அக்கா."

அந்த மண்டபம் ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக் பக்கம், களஞ்சியங்களுக்கும் ஒரு டயர்க் கடைக்கும் நடுவில் இருந்தது. கிழமை நாட்களில் பூட்டியிருக்கும். சனி, ஞாயிறுகளில் கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள். நான் குடியிருந்த ஸ்டோவ்னரிலிருந்து பஸ் பிடித்துப் போய் அங்கே துப்புரவு வேலையும் சமையலறை உதவியும் செய்தேன். தம்பி என்னைவிட ஆறேழு வயது இளையவர், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். சிரித்துச் சிரித்து வேலை வாங்குவார்.

எனக்கு ஆட்களோடு கதைப்பது கஷ்டம். தமிழிலும் கஷ்டம், நொஸ்க்கிலும், அதுதான் நோர்வே மொழியிலும், கஷ்டம். விளங்காமல் இல்லை. பதினைந்து வருடத்தில் நொஸ்க் எல்லாம் விளங்கும். வாயைத் திறப்பதற்கு முன் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். நான் சொல்லை எடுத்து வருவதற்குள் மற்றவர் அடுத்த கதைக்குப் போய்விடுவார். அதனால்தான் மண்டப வேலை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே ஆயிரம் பேர் வந்தாலும் துடைப்பம் பிடித்தவளோடு ஒருவரும் கதைக்க மாட்டார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமைக்கு மண்டபத்தை எடுத்தவர்கள் ரோமா மக்கள். பல தலைமுறையாக நோர்வேயில் இருக்கும் குடும்பங்கள். எங்கள் ஆட்கள் சிலர் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பெயரை அவர்களுக்கு வைத்திருந்தார்கள். தம்பியும் முதலில் அந்தப் பெயரைத்தான் சொன்னார். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

வியாழக்கிழமையே மாப்பிள்ளையின் தாய் சமையலறையைப் பார்க்க வந்தார். ஐம்பது வயது இருக்கும். கணுக்கால்வரை பாவாடை, தலையில் பூப்போட்ட பட்டுத் துணி, கழுத்தில் தங்கக் காசுகள் கோத்த சங்கிலி. மண்டபத்தின் சட்டி பானை ஒன்றையும் அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் என்னைக்கொண்டு அலுமாரிகளில் அடுக்கிப் பூட்டச் செய்தார். பிறகு காரிலிருந்து தன்னுடைய சாமான்களை இறக்கினார். இரண்டு பெரிய எவர்சில்வர் பேசின்கள், புதியவை, கடைத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. அதில் ஒன்றின் பிடியில் சிவப்பு ரிபன் ஒன்றைக் கட்டினார்.

அவர் பேசியது நொஸ்க்கில். ஆனால் அந்த நாட்களில் கேட்டதெல்லாம் என் நினைவில் எங்கள் பேச்சாகத்தான் தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"இது சாப்பாட்டுக்கு. மரக்கறி, இலை, பழம், அவ்வளவுதான். மற்றது கோப்பை கழுவ. சிவப்புக் கட்டினதிலை துணி படக்கூடாது. கை துடைக்கிற துணிகூடப் படக்கூடாது."

"ஓம்," என்றேன்.

அவர் தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். "இதுக்குக் கீழை உடுக்கிறது ஏதும் பட்டால் அந்தப் பாத்திரம் முடிஞ்சுது. அதிலை இருந்த சாப்பாடு முடிஞ்சுது. சாப்பிட்ட ஆள்…" அவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. "உமக்கு விளங்குதோ? எல்லாருக்கும் விளங்காது."

எனக்கு நன்றாக விளங்கியது. இந்தியத் தமிழர் தீட்டு என்று சொல்வதை நாங்கள் துடக்கு என்போம். அதற்குள்ளேயே வளர்ந்தவள் நான். எங்களிடமும் இப்படித்தான் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். நினைத்து முடிவதற்குள் அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு தம்பி சிரித்தார். "என்ன அக்கா, இவையளுக்கும் துடக்கு இருக்குப் போல!"

"அப்பிடித்தான் தம்பி," என்றேன். "கவனமா இருக்க வேணும்."

கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னது நான்தான்.

சனிக்கிழமை காலையிலிருந்தே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சுவீடனிலிருந்து, பெல்ஜியத்திலிருந்து, பிரான்சிலிருந்து. முன்னூறு பேருக்கு மேல். முழுதாகச் சுட்ட பன்றிகள் மூன்று, ஆட்டுக்குட்டிகள் ஆறு, ஒவ்வொன்றையும் இரண்டு ஆண்கள் பலகையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேக் ஒன்று, பதினொரு அடுக்கு. மேலடுக்கை வைப்பதற்குத் தம்பியின் ஏணி தேவைப்பட்டது. மேசைகளில் பூ மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். பெண்களின் கழுத்திலும் கையிலும் கிடந்த பொன்னைப் பார்த்துத் தம்பி, "எங்கட தாலிக்கொடி இதுக்குள்ளை நூல்," என்றார். வயலின், அக்கோர்டியன், கீபோர்ட். சமையலறைச் சுவரில் கை வைத்தால் சுவர் அதிர்வது தெரிந்தது.

சட்டை மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தது. அது அவர்களின் வழக்கம் என்று வந்திருந்த பெண்கள் சொன்னார்கள். அதைத் தைத்து முடிக்க மூன்று மாதமாம். மேடைத் திரைக்குப் பின்னால் வைத்து மணப்பெண்ணுக்கு அதை உடுத்தினார்கள். உள்ளே வளையங்கள் வைத்த பாவாடை. அவள் நின்றால் அவளைச் சுற்றி ஒரு மேசை அளவு இடத்துக்கு ஒருவரும் வர முடியாது. அவளுக்கு இருபது வயது இருக்கும். சட்டைக்கு நடுவே முகம் சின்னதாகத் தெரிந்தது.

பிற்பகல் மூன்று மணிபோல் போத்தல் வந்தது. பட்டுத் துணியில் சுற்றிய ஒரு பிராந்திப் போத்தல், அதன் கழுத்தில் தங்கக் காசு மாலை. அதை ஏந்திக்கொண்டு மாப்பிள்ளையின் தகப்பன் ஆட வேண்டும், பிறகு பெண்ணின் தகப்பன் வாங்கிக் குடிக்க வேண்டும். வழக்கமாகப் பெண் கேட்கப் போகும்போது செய்வதாம். இங்கே எல்லோரும் பார்க்க மறுபடியும் செய்தார்கள். அது முடிந்ததும் மாமியார் மருமகளின் வெள்ளை முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையில் பட்டுத் துணியைக் கட்டுவார். அந்தத் துணியோடு அவள் எல்லா மேசைகளையும் சுற்றி வருவாள். அதன் பிறகுதான் சாப்பாடு.

போத்தல் ஆட்டத்தைப் பார்க்க, சமையலறையில் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் நின்றேன். கழுவுதொட்டி நிறைய இறைச்சித் தட்டுகள். மற்றப் பேசினில் கோப்பைகள் ஊறிக்கொண்டிருந்தன. சிவப்பு ரிபன் கட்டிய பேசின் துடைத்துக் கவிழ்த்தபடி மேசையில் இருந்தது.

அப்போது இரட்டைக் கதவு திறந்தது. சாமான் வண்டிகள் வருவதற்காகப் போட்ட அகலமான கதவு அது. மணப்பெண் பக்கவாட்டாக உள்ளே வந்தாள். தனியாக. ஒரு கையில் பின்பகுதியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"கழிவறைக் கதவுக்குள்ளை போகேலாமல் கிடக்கு," என்றாள். பிறகு முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

விளிம்பில், ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்பு. ஏதோ ஒரு குழந்தை சிவப்புச் சோடாவை ஊற்றிவிட்டது.

"இப்ப என்னைக் கூப்பிடப்போகினம். எல்லா மேசையும் சுத்த வேணும். அவை தந்த சட்டை." அவளுடைய மூச்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. "என்ன செய்யிறது? சொல்லுங்கோ, என்ன செய்யிறது?"

துணிக் கறை என்றால் எனக்கு யோசிக்கத் தேவையில்லை. முப்பது வருடக் கை அது. காய்வதற்குள் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் கோப்பைச் சவர்க்காரம், பிறகு உப்பு. கை தானே போனது. எது வெறுமையாக இருந்ததோ அதை எடுத்தேன். தண்ணீர் பிடித்தேன், முழங்காலில் நின்றேன், சட்டையின் விளிம்பை உள்ளே அமிழ்த்தித் தேய்த்தேன். சிவப்பு வெளியேறத் தொடங்கியது. தண்ணீர் இளஞ்சிவப்பானது. எனக்கு ஒரு மகிழ்ச்சிகூட வந்தது. "போகுது, போகுது," என்றேன், தமிழில்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் துணியைப் பார்க்கவில்லை. பேசினின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நானும் ரிபனைப் பார்த்தேன்.

வெளியே வயலின்கள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "ஏற்கெனவே சொல்லினம், என்ரை அம்மா என்னை வெளியாக்கள் மாதிரி வளத்தவ எண்டு. நான் பள்ளிக்கூடம் முடிச்சனான், நொஸ்க் பிள்ளையளோடை திரிஞ்சனான். இது தெரிஞ்சால், முதல் நாளே பாவாடையைச் சாப்பாட்டுப் பேசினிலை தோய்ச்சவள் எண்டு சாகுமட்டும் சொல்லுவினம். எனக்குப் பிள்ளை பிறந்தால் அதுக்கும் சொல்லுவினம்."

"நான்தானே எடுத்தனான்," என்றேன்.

"நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவள் விளிம்பைத் தானே பிழிந்தாள், பக்கவாட்டாகத் திரும்பினாள், போய்விட்டாள்.

தண்ணீரை ஊற்றிவிட்டு அந்தப் பேசினை எங்காவது மறைத்திருக்கலாம். பின்கதவு நாலு அடி தூரத்தில். அதைத்தான் செய்யப்போனேன். வெறும் பேசினைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பியபோது சமையலறைப் பெண்கள் மூன்று பேரும் வியர்த்து, சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"கிழவன் என்ன ஆட்டம்! முழங்கால் ரெண்டும் நாளைக்கு ஆஸ்பத்திரியிலை!"

"பொம்பிளையின்ரை தகப்பன் அரைப் போத்தலை ஒரே மூச்சிலை விட்டிட்டார். தாறதுக்கு முதலே வாயைத் திறந்திட்டார், பாத்தனியே?"

சிரிப்போடு சிரிப்பாக அவர்களில் இளையவள் என் கையிலிருந்து பேசினை வாங்கினாள், நான் அவளுக்காகக் கழுவி வைத்திருந்தது போல. குழாயைத் திறந்தாள். ஒரு பெட்டி தக்காளியை உள்ளே கவிழ்த்தாள்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல் என் வாயில்தான் இருந்தது. தக்காளி முடிந்து வெள்ளரிக்காய் வந்தது. பிறகு சலாட் இலை. மற்ற இருவரும் வெட்டினார்கள். மேசையில் வெள்ளைத் தட்டுகள் வரிசையாகப் பரவின. பத்து, பதினைந்து, இருபது. ஒவ்வொரு தட்டிலும் பத்துப் பேர் கை வைப்பார்கள். நான் சுவரோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தக்காளியிலேயே சொல்லியிருந்தால் ஒரு தக்காளியோடு போயிருக்கும்.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். ஒருவருக்கும் வயிற்று வலி வராது. சவர்க்காரத் தண்ணீர்தான் நின்ற பேசின், பிறகு குழாய்த் தண்ணீர். அந்தப் பிள்ளையும் அதைத்தான் கேட்டாள். தெரியாமல் சாப்பிட்டால் என்ன?

என்னவென்று எனக்குத் தெரியும். என்னுடைய கல்யாணம் இதே ஒஸ்லோவில், ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. அன்று காலை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. ஊரில் என் அப்பாவின் தமையன், என்னை மடியில் வைத்துக் காது குத்திய பெரியப்பா, போய்விட்டார். செய்தியை எடுத்தவர் என் கணவரின் தமக்கை. மண்டபம் எடுத்தாகிவிட்டது, ஐயர் டென்மார்க்கிலிருந்து வந்துவிட்டார், சமையல் முடிந்துவிட்டது. சொன்னால் துடக்கு, தாலி கட்ட முடியாது. மச்சாள் சொல்லவில்லை. நாலாம் நாள் சொன்னார். "உன்ரை நன்மைக்குத்தான்," என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் துடக்கோடு மணவறையில் இருந்தவள் நான். முதல் பிள்ளை மூன்று மாதத்தில் தங்காமல் போனபோது மருத்துவர் ஒரு காரணம் சொன்னார், நல்ல மனுஷி, படம் கீறிக் காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டு அந்தத் தொலைபேசியை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதும் அதைத்தான் நினைத்தேன். நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. என்னைக் கேட்காமல் எனக்காக முடிவெடுத்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

ரோமாக் கல்யாணத்துக்கு வந்திருந்த முன்னூறு பேரும் இதை நம்பினார்கள்.

சொல்ல வேண்டும். ஆனால் அந்த மணப்பெண்ணைக் காட்டிக்கொடுக்கக்கூடாது. இரண்டையும் எப்படிச் செய்வது என்று யோசித்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு பொய்தான். தட்டுகள் முப்பதாகிவிட்டன.

மாப்பிள்ளையின் தாய் மண்டபத்தின் மறுகோடியில், பெண்களின் முதல் மேசையில் இருந்தார். நான் அதுவரை ஒரு கல்யாணத்திலும் மண்டபத்தின் நடுவால் நடந்ததில்லை. சுவரோரமாகவே போய் வருவேன். அன்று சுவரோரம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்த கதிரைகள், பிள்ளைகள். நடுவால்தான் போக வேண்டியிருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் விலகினார்கள். ஒருவர் என்னையும் ஆடக் கூப்பிடுவது போல் கையை நீட்டினார், பலர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் போய் நின்றேன். சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே எழுந்தார்.

மண்டபத்துக்கும் சமையலறைக்கும் இடையில் ஒரு சின்ன நடைவழி இருந்தது. அங்கே மேசையில் ஐஸ் போட்ட தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நின்றன. நடைக் கதவு சாத்தியதும் சொன்னேன். மனதுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்த வசனம்.

"நான் பிழை விட்டிட்டன். சிவப்புக் கட்டின பேசினிலை என்ரை ஏப்ரனைத் தோய்ச்சுப்போட்டன். ஒருத்தருக்கும் தெரியாது. அதிலைதான் சலாட் கழுவினவை."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைக் கீழே இறக்கி என் இடுப்பைப் பார்த்தார்.

"உம்மடை ஏப்ரன் காய்ஞ்செல்லோ கிடக்கு."

குனிந்து பார்த்தேன். காலையில் இஸ்திரி போட்டுக் கட்டிய ஏப்ரன். மடிப்புக்கூடக் கலையவில்லை. சட்டைக் கை இரண்டும் முழங்கைவரை நனைந்திருந்தன, ஏப்ரனில் ஒரு துளி இல்லை.

அவர் திரும்பி, நடைக் கதவின் கண்ணாடி வழியாக மண்டபத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேடையருகே மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்விளிம்பில் ஒரு பகுதியை உள்ளே மடித்து, அதன்மேல் காலை வைத்திருந்தாள். மற்றத் துணியெல்லாம் காற்று நிரம்பியதுபோல் எழும்பி நிற்க, அந்த இடம் மட்டும் தொய்ந்து கிடந்தது.

அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியாது. இரண்டு பாட்டுக்கு இடையிலுள்ள நேரம்தான் இருக்கும். முடிந்தது என்று நினைத்தேன். சொல்லியும் கெடுத்துவிட்டேன், பொய்யாலும் கெடுத்துவிட்டேன்.

அவர் மேசையிலிருந்து ஒரு குடத்தை எடுத்தார். ஒரு சொல்லும் சொல்லாமல், என் இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஊற்றினார். முழுக் குடம். ஐஸ் கட்டிகள் என் கால் சப்பாத்தில் விழுந்து உருண்டன. மூச்சு நின்றுவிட்டது. நான் சத்தம் போடுவதற்குள் அவர் சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். குரல் உயர்ந்தது.

"பாருங்கோ இவளை! பாருங்கோ இந்த ஏப்ரனை! எங்கை தோய்ச்சவள் தெரியுமோ? சிவப்புக் கட்டினதிலை! நான் இடுப்பிலை கை வைச்சுக் காட்டினனான், ஓம் ஓம் எண்டு தலையாட்டினவள்! அந்த ஓம் எங்கை போனது?"

கத்தியோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். இளையவள் கையிலிருந்த தக்காளியைப் பூச்சியைப் போல் உதறினாள். நான் தண்ணீர் சொட்ட நின்றேன். வெட்கத்தில் கண்ணீர் வந்தது. நடிக்கத் தேவையிருக்கவில்லை.

முப்பது தட்டுச் சலாட்டும் கறுப்புப் பைகளுக்குள் போயின. வெட்டிய பலகைகள், கத்திகள், தட்டுகள் எல்லாம் போயின. பேசினை அவர் என்னைக்கொண்டே பின்கதவால், வெளியே வழித்துக் குவித்திருந்த பனிமேட்டுக்குள் எறியச் செய்தார். மூன்று பெண்களும் வெளியே போய்ப் புது மேலாடை மாற்றிக் கை கழுவி வந்தார்கள். "வெளியிலை கேட்டால் கண்ணாடி உடைஞ்சு சாப்பாட்டிலை விழுந்திட்டுது எண்டு சொல்லுங்கோ," என்றார் அவர்களிடம். என் பக்கம் திரும்பவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் முக்காட்டை எடுக்கும் சடங்கு. சமையலறைச் சாளரத்தால் பார்த்தேன். நனைந்த ஏப்ரனைக் கழற்றப் பயந்து அப்படியே நின்றேன், பல் கிட்டியது. மாமியார் பட்டுத் துணியை எடுத்து மருமகளின் தலையில் போட்டு, பின்னால் முடிந்தார். முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. குனிந்து காதில் ஏதோ சொன்னார். மணப்பெண்ணின் முகம் வெளுத்தது. அவள் எழுந்து மேசைகளைச் சுற்றி வரும்போது மாமியாரும் கூடவே நடந்தார், அவளுக்கு முன்னால், அரை அடி இடப்பக்கமாக. ஈரம் இருந்த பக்கம் அது.

என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பல நாட்கள் அதையே நினைத்து நித்திரை வரவில்லை. காப்பாற்றினாரா, அல்லது பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாரா?

"அக்கா, நீங்களோ?" என்றார் தம்பி, எல்லோரும் போன பிறகு. "கவனமா இருக்க வேணும் எண்டு எனக்குச் சொன்ன நீங்களோ?"

"மறந்துபோனன் தம்பி."

அவர் கோபிக்கவில்லை. ஆனால் கதையைச் சொல்லித் திரிந்தார். இரண்டு கிழமையில் அது ஸ்டோவ்னருக்கு வந்துவிட்டது. தமிழ்க் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள், "அக்கா, உங்கட வீட்டிலை சோறு எதிலை வடிக்கிறனீங்கள்? ஏப்ரன் தோய்க்கிற சட்டியிலையோ?" சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் மகளின் அரங்கேற்றத்திலும் ஒருவர் அதை ஞாபகமாகக் கேட்டார். சாகுமட்டும் சொல்லுவினம் என்று அந்தப் பிள்ளை சொன்னது சரிதான்.

அந்தப் பனிமேடு கரைந்தபோது பேசின் வெளியே வந்தது, ரிபனோடு. "நல்ல சாமான், ஏன் எறியிறது?" என்று தம்பி சமையலறைக்குள் கொண்டுவந்தார். நான் அவர் கையிலிருந்து வாங்கித் துடைப்ப அலுமாரிக்குள் வைத்தேன். அதன் பிறகு அதில் நிலம் துடைக்கும் துணிதான் நனைத்தேன்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் அதே குடும்பம் ஒரு ஞானஸ்நானத்துக்கு மண்டபத்தைக் கேட்டது. தம்பிக்கு ஆச்சரியம். சுகமில்லை என்று சொல்லி நின்றுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். யோசித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

வியாழக்கிழமை மாப்பிள்ளையின் தாய் வந்தார். சமையலறைக்குள் வந்து முதலில் கேட்டது, "அந்தப் பேசின் எங்கை?"

துடைப்ப அலுமாரியைத் திறந்து காட்டினேன். வாளிக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் அது கிடந்தது, உள்ளே அழுக்குத் துணி. அவர் குனிந்து பார்த்தார். "ம்," என்றார்.

அவருக்குப் பின்னால் ஓர் இளம் பெண் நின்றாள். நீளப் பாவாடை, தலையில் பட்டுத் துணி, இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தை. அந்தக் கல்யாணச் சட்டை இல்லாததால் அது அன்றைய மணப்பெண் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. அவளும் என்னைத் தெரிந்ததாகக் காட்டவில்லை.

மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு, மடிக்குள்ளிருந்து சிவப்பு ரிபனை எடுத்து அவளிடம் நீட்டினார். "நீ கட்டு."

அவள் புதுப் பேசினின் பிடியில் ரிபனைச் சுற்றினாள். ஒரு முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், அதன் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிறகு சமையலறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, குதிகாலை உயர்த்தி, பேசினை எல்லாவற்றுக்கும் மேலிருந்த அலுமாரித் தட்டில் வைத்தாள். என் கைக்கு எட்டாத உயரம் அது.